சர்வர்களின் பாதுகாப்பு யார் கையில்?

ஆஸ்பத்திரி, ரயில்வே, பாங்கு ஆகிய பொது ஸ்தாபனங்களின் கணக்குகள் எல்லாம் இன்று சர்வர் என்னும் மையக் கம்ப்யூட்டர்களில்தான் இருக்கின்றன. சர்வரை நடத்துவது இயங்குதளம். இதில் விண்டோஸ் நம்பகமானதா, லினக்ஸ் நம்பகமானதா என்ற வாதம் வெகுகாலமாக நடந்து வருகிறது. இது நிபுணர்களின் சண்டை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. சர்வர் நின்றால் தவிப்பது சாதாரண மக்களே.

நடந்தவற்றைப் பார்ப்போம். 2017 மே 12-ம் தேதி வான்னாகிரை என்ற நாசகார நிரல் கிளம்பி 150 நாடுகளைத் தாக்கியது. விண்டோஸில் கோப்புகளைப் பகிர்ந்தளிக்கும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாக அது நுழைந்தது. அமெரிக்க உளவு ஸ்தாபனம் ஒன்றிலிருந்து களவு போன ஆயுதமே இதற்குப் பயன்பட்டது என்று மைக்ரோஸாப்ட் கம்பெனியே பகிரங்கமாகச் சொல்லிற்று. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-ம் தேதியே வெளிவந்துவிட்டது. ஆயினும் அதைப் போடாமல் விட்டிருந்த பிரிட்டிஷ் பொது ஆஸ்பத்திரிகள் முடங்கின. 19,000 பேருக்கு மேல் வைத்தியத்துக்குக் குறித்த நேரம் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது.

அப்படியானால் லினக்ஸுக்கு மாறினால் போதுமா? போதாது. லினக்ஸ் சர்வர்கள் பெரிதும் நம்பியிருந்த ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் ஹார்ட்பிளீட் என்ற பிழை இரண்டாண்டுக் காலம் இருந்து, 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. மூல நிரல் யாவரும் படிக்கும்படி திறந்தே கிடந்தது. ஊன்றிப் படிக்கத்தான் ஆளில்லை. உலகத்தின் பணப் பரிமாற்றங்களைக் காத்த அந்நிரலுக்கு முழுநேர ஊழியர் ஒருவரே. ஆண்டு நன்கொடையோ சுமார் 2,000 டாலர்! அதை இலவசமாக உபயோகித்து லாபம் குவித்த பெரிய கம்பெனிகள் எங்கே போயின?

2024 மார்ச்சில் மற்றொரு பாடம். ஒரே ஒருவர் ஊதியமின்றிப் பராமரித்து வந்த எக்ஸ்இசட் என்ற நிரலில், உதவ வந்தவனைப் போல் நடித்த ஒருவன் கள்ளக் கதவு வைத்தான். சர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்த ஒரு பொறியாளர், விடாமல் துருவி அதைக் கண்டுபிடித்தார். அவர் மைக்ரோஸாப்டின் ஊழியர்! நிரல் திறந்திருந்ததால் வெளியார் ஒருவரால் துருவ முடிந்தது. மூடிய நிரலில் இதற்கு வழி ஏது?

அதே ஆண்டு ஜூலை 19-ம் தேதி எதிரி எவனும் வரவில்லை. காவலுக்கென்று போட்ட கிரவுட்ஸ்டிரைக் நிரலின் பிழையான புதுப்பிப்பு ஒன்றே சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைச் சாய்த்தது. முதலில் சில கம்ப்யூட்டர்களில் போட்டுப் பார்த்திருந்தால் இந்த நாசம் நேர்ந்திராது.

ஆகவே நமது அபிப்பிராயம் இதுதான்: பொது ஸ்தாபனங்களுக்குத் திறந்த நிரலே ஏற்றது. சோதிக்கவும் திருத்தவும் ஒரு கம்பெனியின் தயவை அதில் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் திறந்த கதவு தானே காவல் காக்காது. திருத்தங்களை உடனுக்குடன் சோதித்துப் போட நிரந்தர ஊழியர்கள் வேண்டும். கணக்குகளின் நகல் தனியே பத்திரமாக இருக்க வேண்டும். நிரலை எழுதிக் காப்பவர்களுக்கு அதனால் பயனடைவோர் ஊதியம் தர வேண்டும். ஆட்களைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு இயங்குதளத்தின் பெயரை மட்டும் மாற்றினால், அடுத்த தாக்குதலிலும் ஆஸ்பத்திரி வாசலில் காத்து நிற்பவர்கள் நோயாளிகளே!