கியர் இருந்து என்ன? மாற்றத் தெரியணுமே!

பாவூர்சத்திரம் மெயின்ரோட்டில் போன வாரம் கண்ணால் பார்த்தது இது.

தென்காசியை நோக்கி கியர் சைக்கிளில் வந்தான் ஒரு மாணவன். சாரல் காலம். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காத்து முகத்தில் அறைந்தது. பையன் எழுந்து நின்று மிதித்தான். முடியவில்லை. மிதித்த மிதியிலேயே கியரைத் தட்டினான்.

"கடக்!" செயின் கழன்றது. சைக்கிள் நடுரோட்டில் நின்றது. பின்னால் மார்க்கெட்டுக்குப் போகும் காய்கறி லாரி!

டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். பையன் தப்பினான்.

"கியர் சைக்கிள் வாங்கிக் கொடுக்காவ. எப்ப மாத்தணும்னு யாரும் சொல்லிக் கொடுக்கல" என்றார் சைக்கிள் கடை அண்ணாச்சி.

நூற்றுக்கு நூறு உண்மை! அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளில் கியர் கிடையாது. அதில் பழகிய கால், கியர் சைக்கிளில் ஏறியதும் தடுமாறத்தானே செய்யும்?

பாரம் பாதி!

கியர் வேகத்துக்கு மட்டும் என்று நினைப்பது தப்பு. மேடோ, காத்தோ, கால் ஒரே சீராகச் சுற்றத்தான் கியர்.

பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 44 பல் என்று வையுங்கள். பின்னால் 11 பல்லில் செயின் ஓடினால், பெடல் ஒரு சுற்றுக்கு பின்சக்கரம் 4 சுற்று. 22 பல்லில் ஓடினால் 2 சுற்றுதான். வேகம் பாதி, காலுக்குப் பாரமும் பாதி!

எப்போது மாற்றுவது?

மேடு ஏறிய பிறகு அல்ல, ஏறும் முன்பே. கால் கனக்கத் தொடங்கும்போதே. நிறுத்தப் போகிறீர்களா? நிற்பதற்கு முன்பே லேசான கியருக்கு வந்துவிடுங்கள். பெடல் சுற்றினால்தான் செயின் மாறும். ஆனால் மாற்றும் நேரத்தில் அழுத்தி மிதிக்கக் கூடாது. கால் வெறுமனே சுற்றினால் கியரைக் கூட்டுங்கள்.

கியரைக் குறைப்பது கேவலம் என்று சில இளவட்டங்கள் முட்டி வலிக்க மிதிக்கிறார்கள். பிரான்சில் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயமான 'டூர் டி பிரான்ஸ்'காரர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். செயின் தாவும் கியரை 1937-ல்தான் அனுமதித்தார்கள். இன்று அங்கே மலை ஏறும் வீரர்கள் கூசாமல் கியரைக் குறைக்கிறார்கள். நமக்கு என்ன வெட்கம்?

சைக்கிளை விற்கும் கடைக்காரரும், வாங்கித் தரும் தகப்பனாரும் பத்து நிமிஷம் ஒதுக்கி இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கியர் போடத் தெரியாதவருக்கு லாரி ஓட்ட லைசென்ஸ் கிடைக்காது. சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம்தான். ஆனால் உயிர் ஒன்றுதானே, அய்யா?