இடுப்புப் பிடிப்பு... எதற்குத் தடவலாம், எதற்குத் தொடவே கூடாது?

கருவேலங்காட்டில் நாள் முழுக்கக் குனிந்து விறகு வெட்டி, கரிமூட்டம் போடுகிறவர்கள். தண்ணீர்க் குடத்தை ஒரே இடுப்பில் சுமந்து நடக்கும் பெண்கள். அருப்புக்கோட்டையில் தறியை விட்டு எழாத நெசவாளர்கள். திருச்சுழி வட்டாரத்தில் சாயங்காலமானால் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருபவர்கள் ஏராளம். இந்த ஊரில் 1879-ல் பிறந்த ரமண மகரிஷியும் பிற்காலத்தில் மூட்டுவாதத்தால் அவதிப்பட்டவர்தான். உடனிருந்தவர்கள் அவர் கால்களுக்குத் தைலம் தேய்த்துவிடுவார்கள்.

வலி வந்ததும் இங்கே முதலில் தேடுவது சுளுக்கு வழிப்பவரைத்தான். சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என 9 வகை உண்டு. கிட்டத்தட்ட இதே எண்ணத்தில் அமெரிக்காவில் பிறந்ததுதான் ஆஸ்டியோபதி. மூளைக்காய்ச்சலில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர், அன்றைய மருந்துகள் மேல் நம்பிக்கை இழந்து, எலும்பையும் தசையையும் கையாலேயே சரிசெய்யும் முறையை 1874-ல் முன்வைத்தார். 1892-ல் மிசௌரி மாநிலத்தில் அதற்கென ஒரு கல்லூரியும் தொடங்கினார். எல்லா நோய்க்கும் வேர் எலும்பில் இருக்கிறது என்று அவர் சொன்னதை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. ஆனால், இடுப்பு வலி விஷயத்தில் அவர் பாதை வீண்போகவில்லை.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும், வேறு நோய் காரணமாக இல்லாத இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சியோடு, தேர்ந்தவர் கையால் முதுகெலும்பை அசைத்துவிடும் சிகிச்சையும் மசாஜும் அதில் இடம்பெற்றன. மருந்துக்கடையில் வாங்கி வருஷக்கணக்கில் கட்டிக்கொள்கிறோமே இடுப்பு பெல்ட்... அதை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல். கழுத்து வலி, தோள் இறுக்கம், அதனால் வரும் தலைவலி ஆகியவற்றுக்கும் கைச்சிகிச்சை ஓரளவு இதம் தரலாம். முழங்கால் தேய்மானத்துக்குத் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிதான் முதல் மருந்து. தடவுவது துணைக்கு மட்டும். ஆஸ்துமா, குழந்தையின் வயிற்று வலி எல்லாம் இதில் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, கைச்சிகிச்சை தனியாக நிற்காது. பிரிட்டன் வழிகாட்டுதலே உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் அதைச் செய்யச் சொல்கிறது. திடீரென்று பிடித்துக்கொண்ட இடுப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தளரும். அதுவரை படுத்தே கிடக்காமல், முடிந்த அளவு நடமாடினாலே போதும்.

சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைத் திருப்பி 'டக்'கென்று சொடக்கு எடுப்பது பலருக்குப் பிடித்த சுகம். வேண்டாமே! அபூர்வமாக என்றாலும், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது. எலும்பு தேய்ந்த வயதானவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முதுகை அழுத்தவிடும் முன்பு மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

இந்த வறண்ட பூமியில் கவனிக்க வேண்டியது சிறுநீரகக் கல். வெயிலில் வேலை, குடிப்பதோ கொஞ்சம் தண்ணீர். விலாவுக்குக் கீழே ஆரம்பித்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, சிறுநீரில் எரிச்சல் அல்லது ரத்தம் இருந்தால் அது பிடிப்பு அல்ல. எத்தனை தைலம் போட்டாலும் கேட்காது.

கால் வலுவிழப்பது, தொடை இடுக்கும் பிட்டமும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைபடுவது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது... இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. தாமதித்தால் நரம்பு மீளாமலே போகலாம். முதுகு வலியோடு விட்டுவிட்டுக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால், முதுகெலும்பைத் தாக்கும் காசநோயா என்று பரிசோதிக்க வேண்டும். கீழே விழுந்த பிறகு வந்த வலி என்றால் முதலில் எக்ஸ்ரே.

ஆஸ்டியோபதி என்று பலகை மாட்டிய இடத்தைத் தேடி மதுரைக்கு பஸ் ஏற வேண்டிய அவசியமில்லை. எலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் அசைத்துவிடும் பயிற்சி பிசியோதெரபிஸ்ட்களுக்கும் உண்டு. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நடக்க முடியாமல் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். கட்டணம் கிடையாது. உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைச் சொல்லி வையுங்கள்.