பிள்ளையின் படிப்பை நிறுத்தினால் யாருக்கு லாபம்?



ஊரில் ஒரு பெண்பிள்ளையின் "விஷயம்" பிடிபட்டால் நாம் என்ன செய்கிறோம்? போனைப் பறிக்கிறோம். பாடசாலையை நிறுத்துகிறோம். அவசர அவசரமாக மாப்பிள்ளை தேடுகிறோம். அவளை மிரட்டிய பொடியன் மட்டும் அடுத்த நாளும் வெள்ளைச் சட்டையோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

இதற்குப் பெயர் ஒழுக்கத்தைக் காப்பதா? மிரட்டுபவனுக்கு ஊரே துணை போவதுதான் இது.

ஆசிரியர்களாகிய நாங்கள் பார்க்கிறோம், இது தரம் 7, 8 இலேயே தொடங்கிவிடுகிறது. முதலில், "உன்ட பாஸ்வேர்டைத் தா." பிறகு, "அவளோட கதைக்காத." பிறகு, "என்னில நம்பிக்கை இருந்தா போட்டோ அனுப்பு." அனுப்பிய பிறகு, "உன்ட வாப்பாக்குக் காட்டவா?" பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் போட்டோவை விட அவனுக்குக் கைகொடுப்பது நமது கோபம்தான். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு முடிந்தது என்று பிள்ளைக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால்தான் அவன் கேட்பதையெல்லாம் பிள்ளை வாய் திறக்காமல் கொடுக்கிறது.

"நிக்காஹ் செய்து வைத்தால் முடிந்தது" என்கிறார்கள் சிலர். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயதை வகுக்கவில்லை என்பதற்காக, படிக்கிற பிள்ளையைக் கட்டிக் கொடுப்பது தீர்வாகிவிடுமா? அடக்கியவனுக்கே கட்டிக் கொடுத்தால் அவனது அடக்குமுறைக்கு நாமே முத்திரை குத்துகிறோம்.

ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களே, "ஆம்புளப் புள்ளதானே" என்று விடாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளையின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் இந்த நாட்டில் குற்றம். இன்னொருவர் மகளின் மானம் உங்கள் மகனின் போனில் கிடக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, ஜும்ஆவில் பெண்பிள்ளைகளின் உடுப்பைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஆண்பிள்ளைகளின் நடத்தையைப் பற்றியும் பேசச் சொல்லுங்கள்.

உம்மா, வாப்பாமார்களே, இன்றைக்கே பிள்ளையிடம் சொல்லுங்கள்: "என்ன நடந்தாலும் முதல்ல எங்கிட்டச் சொல்லு. உன்ட படிப்பை நிறுத்த மாட்டோம்." மிரட்டல் வந்திருந்தால் மெசேஜ்களை அழிக்க வேண்டாம், அவைதான் சாட்சி. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள். ஒரு வீட்டில் பிள்ளையின் படிப்பு நின்றால், அடுத்த வீட்டுப் பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும்.