சித்திக்கு இங்கிலாந்து கிராமத்தைக் காட்டுவது



கோடை வந்தால் அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரங்க வருவாங்க. இங்கிலாந்தில் குடியிருக்கும் நியூ ஜெர்சிக்காரியான எனக்கு அவர்களைச் சுற்றிக் காட்டுவது ஒரு பகுதிநேர வேலை மாதிரி ஆகிவிட்டது. லண்டனில் இரண்டு நாள் முடிந்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அந்தத் தேன் கலர் கல்வீடுங்க இருக்குமே, அங்க கூட்டிட்டுப் போ." அதாவது காட்ஸ்வோல்ட்ஸ்.

நம் வட்டத்தில் பலருக்கு இது பிடிப்பதில்லை. "கிராமப்புறம்னா வெள்ளைக்காரப் பணக்காரன் சமாச்சாரம், அங்க நமக்கென்ன வேலை?" என்பார்கள். அப்படித் தோன்ற நியாயம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் சார்ல்பரி பக்கம் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தபோது சாலைகளை மூடினார்கள், ஊர்க்காரர்கள் கூடி எதிர்ப்புக் காட்டினார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு அந்தப் பக்கம் போக எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். இருந்தாலும் போகணும், அடிக்கடி போகணும், வர்றவங்களையும் இழுத்துக்கிட்டுப் போகணும் என்பதே என் கட்சி. கார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கிரீம் டீ குடித்துவிட்டுத் திரும்பும் பயணத்தை நான் சொல்லவில்லை. நடந்து போகணும்.

நடக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். போன வருஷம் சித்தி, சித்தப்பாவோடு போர்ட்டன்-ஆன்-தி-ஹில்லிலிருந்து லாங்பரோவுக்கு நடந்தேன். பாதை ஒரு தனியார் எஸ்டேட்டின் நடுவே போகிறது. வேலியில் சின்ன கேட்டைப் பார்த்ததுமே சித்தப்பா நின்றுவிட்டார். "அடுத்தவன் நிலம்மா இது. சுட்டுடப் போறான்." முப்பது வருஷம் அமெரிக்காவில் இருந்தவருக்கு வேற என்ன தோணும்? வரைபடத்தை விரித்து அந்தப் பச்சைக் கோட்டைக் காட்டினேன். அது பொது நடைபாதை. நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்தப் பாதையில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு, நிலக்காரர் அதை அடைக்க முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படி சுமார் 1,40,000 மைல் பாதைகள் இருக்கின்றன. சித்தப்பா நம்பவே இல்லை. பாதி தூரம் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்த எஸ்டேட் சீசின்கோட். மரங்களுக்கு மேலே வெங்காயம் மாதிரி ஒரு செம்புக் குவிமாடம் தெரியும். சித்தி சட்டென்று, "இது என்னடி, மசூதியா?" என்றார். மாளிகைதான். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்து, பணத்தோடு திரும்பிய சார்லஸ் காக்கரெல் 1805 வாக்கில் முகலாயப் பாணியில் கட்டியது. தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் ஓவியர் தாமஸ் டேனியல். 1792-93இல் தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம் என்று சுற்றிக் கோயில்களை வரைந்த அதே டேனியல். டிக்கெட் எடுத்துத் தோட்டத்துக்குள் போனால் பாலத்து மேல நந்தி உட்கார்ந்திருக்கும். சித்தி கையெடுத்துக் கும்பிட்டார். நான் தடுக்கவில்லை.

சில மைல் தள்ளி டேல்ஸ்ஃபர்ட். அங்கே வாரன் ஹேஸ்டிங்ஸ் தன் மூதாதையரின் நிலத்தை 1788இல் திரும்ப வாங்கி மாளிகை கட்டினார். வங்காளத்துக்குத் தலைமை ஏற்கப் போகும் முன் சென்னைக் கோட்டையின் கவுன்சிலில் இரண்டாவது ஆளாக இருந்தவர் அவர். கல்லறையும் அந்த ஊர் சர்ச்சில்தான்.

"கொள்ளையடிச்ச காசு" என்று இங்கேயே நிறுத்திவிடலாம். நம்மில் பலர் அங்கேதான் நிறுத்துகிறோம். ஆனால் அந்த வயல்களைப் பிரிக்கும் கற்சுவர்களையும் பார்க்க வேண்டும். அவற்றில் நிறைய 18, 19ஆம் நூற்றாண்டுகளில், பொது மேய்ச்சல் நிலத்தைத் தனியாருக்கு அடைத்துக் கொடுத்தபோது எழுப்பியவை. 1604க்கும் 1914க்கும் இடையில் பாராளுமன்றம் இதற்காக 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டது. அடைபட்டது சுமார் 68 லட்சம் ஏக்கர். மாடு மேய்த்தவனும் விறகு பொறுக்கியவளும் கூலியானார்கள். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு எப்படிப் போச்சுன்னு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே நெசவாளியைப் பிழிந்த பணம், இங்கே விவசாயியை விரட்டிய நிலத்தில் மாளிகையானது.

தெற்கே ஸ்ட்ரவுட்டில் நெய்த கம்பளித் துணியைக் கம்பெனி ஆசியாவுக்கு ஏற்றியது. அதே துணி அட்லாண்டிக் தாண்டி வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் தோலுக்கு மாற்றாகப் போனது. அங்கே அதற்குப் பெயரே 'ஸ்ட்ரவுட்'. தமிழ் அமெரிக்கர்களான எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சுற்றுலாத் தலம் எது?

"எங்க ஊர்ல நேஷனல் பார்க் எல்லாம் அரசாங்க நிலம், யார் வேணா போகலாம்" என்று சித்தப்பா பெருமைப்பட்டார். உண்மைதான். இங்கே தேசியப் பூங்காவுக்குள்ளேயே பெரும்பாலான நிலம் தனியாருடையது. ஆனால் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து அங்கே வாழ்ந்த மக்களை 1851இல் ஆயுதப்படை துரத்தியது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு வேறு விஷயம் பேசினோம், அதுவும் நல்லதுதான். விருந்தாளியை வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது.

மான்செஸ்டர் இளைஞர்களின் கதையை மட்டும் நான் விடுவதில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர், பெரும்பாலும் தொழிலாளர்கள், பணக்காரர்களின் வேட்டைக்காக மூடி வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மலையில் அத்துமீறி ஏறினார்கள். முன்னின்றவர்களில் ஒருவரான பென்னி ராத்மேனுக்கு வயது 20. கம்யூனிஸ்ட், ருமேனியாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகன். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். இங்கே நடக்கும் உரிமைக்காகச் சிறை சென்றவர்களில் குடியேறியின் பிள்ளையும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டும் "நமக்கென்ன வேலை" என்று சொல்ல முடியுமா?

அந்தச் சண்டை முடியவில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் சுதந்திரமாக அலையத் திறந்துவிட்டது இங்கிலாந்தின் சுமார் 8 சதவீத நிலத்தைத்தான். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏறக்குறைய எல்லா நிலத்திலும் நடக்கலாம். அதே போல இங்கேயும் தருவோம் என்ற லேபர் கட்சி, ஆட்சிக்கு வரும் முன்பே, 2023இல், பின்வாங்கியது. வாடகை, விசா, பாலஸ்தீனம் என்று நம் பட்டியல் நீளம்தான், தெரியும். நிலம் யாருடையது என்ற கேள்வியையும் அதில் சேர்க்கச் சொல்கிறேன். பருவகால விசாவில் வந்து பழம் பறிக்கும் கிர்கிஸ், நேபாளத் தொழிலாளர்களும் இந்தக் கிராமப்புறத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் போஸ்ட் கார்டில் வருவதில்லை.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை மறுபடியும் அதே பாதையில் போகிறேன். பேடிங்டனிலிருந்து மோர்ட்டன்-இன்-மார்ஷுக்கு நேரடி ரயில் இருக்கிறது, அங்கிருந்து நடைதான். வருகிறவர்கள் இந்த மடலுக்குப் பதில் போடுங்கள். ஊரிலிருந்து அத்தை மாமா யாராவது வந்திருந்தால் கூட்டிக்கொண்டு வாங்க. ஷூ மட்டும் நல்லதாப் போட்டுக்கோங்க, மழை பெய்திருந்தால் அந்த மேய்ச்சல் நிலம் முழுக்கச் சேறு.