விலை குறைந்த கிட்டாரும் பத்து ஆண்டு நிறைவும்

நோயாளியை உடனிருந்து கவனிப்பவர் தமக்கென ஒன்றை வாங்கிக்கொள்வது தன்னலம் என்று நம்மில் பலர் கருதுகிறோம். என் மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கிய ஆண்டில், விலை குறைந்த கிட்டார் ஒன்றை வாங்கியபோது நானும் கூசினேன். பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அக்கூச்சம் தேவையற்றது என்றே இன்று கூறுவேன்.

விலையுயர்ந்த கிட்டார்களின் முகப்பு பெரும்பாலும் முழுமரப் பலகையால் ஆனது. நாதம் செழுமையாக இருக்கும்; ஆயினும் காற்றின் ஈரம் மிகவும் குறைந்தால் வெடிக்கக்கூடும் என்பதால் பெட்டிக்குள் வைத்துக் காக்க வேண்டும். என்னுடையதன் முகப்போ ஒட்டுப்பலகை. அதைச் சுவரோரம் அச்சமின்றிச் சாய்த்து வைக்கலாம். சிகிச்சை முடிந்து களைப்புடன் அவர் உறங்கும் அரைமணி நேரத்தில் அது என் கைக்கு எட்டியது அதனால்தான். தந்திகளை மாற்றுவதைத் தவிர வேறு செலவும் வைக்கவில்லை.

மலிவான கருவி என்பதால் அது தாழ்ந்ததாகிவிடாது. 1969-இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசைவிழாவில், பெருங்கூட்டத்தின் முன் கன்ட்ரி ஜோ மெக்டொனால்டு தனியே நின்று இசைத்தது யமஹாவின் எளிய கிட்டார் ஒன்றையே.

நோயாளிகளும் கற்கலாம். எஃகுத் தந்தி விரல்நுனியை உறுத்தும். நைலான் தந்தி பூட்டிய கிட்டார் மென்மையானது. இரத்தத் தட்டணுக்கள் குறைந்தோரும், கையில் ஃபிஸ்டுலா உள்ளோரும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

பிறரைத் தாங்கும் மனத்துக்கும் ஒரு தாங்கல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. இன்று என் கிட்டாரில் சுருதி விலகினால், முதலில் கண்டு சொல்பவர் என் மனைவியே.