மருமகளோடு வந்த பூனை

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, சுந்தரபாண்டியத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னைத் தூணோரமாக அழைத்துச் சென்றார். “ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும். வீட்டில் பூனை வளர்த்தால் தொழுகை கூடுமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

கூடும் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு நான் பேருந்து நிறுத்தத்திற்குப் போயிருக்கலாம். ஆனால் இத்தனை ஆண்டுகள் மதரஸாவில் பாடம் நடத்தியதில் நான் தெரிந்துகொண்ட செய்தி ஒன்றுண்டு. தூணோரமாக அழைத்துச் சென்று கேட்கப்படும் மஸ்அலாவுக்குப் பின்னால் வேறொரு மஸ்அலா நின்றுகொண்டிருக்கும். “பூனை யாருடையது, அத்தா?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “மருமகளுடையது” என்றார்.

அவருடைய மருமகள் இராஜபாளையத்துப் பெண். எங்கள் பெண்கள் வகுப்பில் மூன்றாண்டு ஓதியவள். நிக்காஹ் முடிந்த நாற்பதாம் நாள் மாப்பிள்ளை விடுமுறை தீர்ந்து ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டார். மறுவீட்டுக்குப் போய்த் திரும்பிய மருமகள், பிளாஸ்டிக் கூடையொன்றில் தான் குட்டியிலிருந்து வளர்த்த செவலைப் பூனையைக் கொண்டுவந்து சேர்த்தாள். மகன் கேட்டுக்கொண்டதால் மாமியார் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் நாள் அந்தப் பூனை அவர் வளர்க்கும் கோழியின் குஞ்சுகள் இரண்டைப் பிடித்துத் தின்றுவிட்டது. அன்று தொடங்கியது வழக்கு. பூனை இராஜபாளையத்திற்கே போக வேண்டும் என்றார் மாமியார். மருமகள் எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டாள். சமைத்தாள், துணி துவைத்தாள், ஓதினாள். ஆனால், கேட்ட கேள்விக்கன்றி வாய் திறப்பதில்லை.

“மார்க்கத்தில் கூடாது என்று ஹஜ்ரத் ஒரு வார்த்தை சொன்னால் பெண் கேட்டுக்கொள்வாள் என்று உங்கள் மாமி நினைக்கிறாள்” என்றார் பெரியவர். மனைவியை ‘உங்கள் மாமி’ என்று அவர் உரிமையோடு சொன்னதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மார்க்கத்தைத் துடைப்பமாக்கிப் பூனையை விரட்டும் வேலை எனக்குத் தரப்பட்டிருந்தது.

அடுத்த ஞாயிறன்று நானும் என் மனைவியும் கிருஷ்ணன்கோவில் வழியாகச் சுந்தரபாண்டியம் போய்ச் சேர்ந்தோம். நெசவாளர்கள் வாழும் ஊர். மேற்கே பார்த்தால் மலை. அங்கே உட்கார்ந்து நான் சொன்னது மஸ்அலா அன்று, ஒரு வீட்டுக் கதை. வாசகர்களுக்கும் அதைச் சொல்கிறேன்.

மதீனாவில் ஒரு வீடு. வீட்டுப் பெரியவர் அபூ கதாதா (ரலி), நாயகத் தோழர்களில் பெயர்பெற்ற வீரர். மருமகள் கப்ஷா, கவிஞரான கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் மகள். மாமனார் ஒளூச் செய்வதற்காக மருமகள் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கிறார். ஒரு பூனை வந்து அந்தத் தண்ணீரைக் குடிக்க முற்படுகிறது. அதை விரட்டாமல், அது வசதியாகக் குடித்து முடிக்கும்வரை பாத்திரத்தையே சாய்த்துப் பிடிக்கிறார் மாமனார். மருமகள் வியப்போடு பார்க்கிறார். அந்தப் பார்வையைக் கவனித்த மாமனார், தம் சகோதரனின் மகளே என்று அழைத்து, இதற்கா வியக்கிறாய் என்று கேட்கிறார். பூனை அசுத்தமன்று, அது நம்மைச் சுற்றிச் சுற்றி வருகின்றவற்றில் ஒன்று எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைக்கிறார்.

மதரஸாவில் இந்த ஹதீஸைத் தண்ணீர் பற்றிய பாடத்தில் ஓதிக் கொடுப்போம். பூனை வாய்வைத்த தண்ணீர் ஷாஃபிஈ மத்ஹபில் தூய்மையானது; ஹனஃபி மத்ஹபில் வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது இலேசான வெறுப்புக்குரியது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. இவ்வளவு சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் போனேன்.

கல்லூரியில் நான் வரலாறு படித்தவன். ஆகவே செய்தியைப் பார்க்கும்போதே அதைச் சுமந்து வந்தவர்கள் யார் என்றும் பார்க்கும் பழக்கம் உண்டு. மாலிக் இமாம் அவர்களின் ‘முவத்தா’வில் இதன் அறிவிப்பாளர் வரிசையைப் பாருங்கள். மாலிக் இமாமுக்குச் சொன்னவர் இஸ்ஹாக். அவருக்குச் சொன்னவர் அவருடைய மனைவி ஹுமைதா. ஹுமைதாவுக்குச் சொன்னவர் அவருடைய தாயின் சகோதரியான கப்ஷா. அதாவது, புகுந்த வீட்டில் தான் கண்டதை ஒரு மருமகள் தன் சகோதரி மகளிடம் சொல்கிறாள். அவள் தன் கணவரிடம் சொல்கிறாள். அடுப்படியிலும் முற்றத்திலும் பேசப்பட்ட பேச்சு மார்க்கச் சட்டமாக நிலைபெற்றுவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இஸ்ஹாக்கின் தந்தையுடன் பிறந்தவர்தான் அபூ உமைர். தாம் வளர்த்த சிறுகுருவி இறந்துபோனதற்காக வருந்தியிருந்த சிறுவர். அந்தக் குருவி என்னவாயிற்று என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்ததும் அந்தச் சிறுவரிடம்தான். குருவிக்காக அழுத பிள்ளையின் குடும்பத்தில் பூனையின் ஹதீஸ் பாதுகாக்கப்பட்டிருக்கிறது!

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக ‘முஸ்னது அஹ்மத்’ நூலில் வரும் செய்தியையும் சொன்னேன். நாயகத்தின் வீட்டாரிடம் ஒரு காட்டுப்பிராணி இருந்தது. பெருமானார் வெளியே சென்றால் அது துள்ளி விளையாடும். அவர்கள் உள்ளே வந்ததை உணர்ந்தால், தொந்தரவு கொடுக்காமல் அடங்கிக் கிடக்கும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமி உள்ளறையிலிருந்து, “அது அடங்கிக் கிடந்தது, ஹஜ்ரத். இது குஞ்சைத் தின்கிறதே” என்றார். நியாயமான கேள்வி. ஆறு கோழிகளின் முட்டைகளை விற்று அவர் சேர்க்கும் பணம் அவருடைய சொந்தப் பணம். மருமகளுக்குப் பூனை எப்படியோ அப்படித்தான் மாமிக்குக் கோழி. இதை அந்த வீட்டில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பிறந்த வீட்டின் சூட்டைச் சுமந்து வந்தது பூனை என்றால், முப்பது ஆண்டுகள் அந்த முற்றத்தில் தனியே உழைத்தவருக்குத் துணையாக இருந்தவை கோழிகள்.

“பஞ்சாரம் இருக்கிறதா?” என்று என் மனைவி கேட்டாள். பரணில் இருந்தது, மூங்கில் சிலாம்பு உடைந்து பல ஆண்டுகளாகக் கிடந்தது. குஞ்சுகள் பெரிதாகும்வரை தாய்க்கோழியோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதும், பூனைக்கு நேரம் தவறாமல் சோறு வைப்பதும் நம் பாட்டிமார்கள் செய்ததுதான். வயிறு நிரம்பிய பூனையும் வேட்டையாடும். ஆகவே சோற்றை மட்டும் நம்ப வேண்டாம், பஞ்சாரமும் வேண்டும்.

மாமிக்கு இன்னொரு அச்சமும் இருந்தது. அதை என்னிடம் சொல்லவில்லை, என் மனைவியிடம் மட்டும் சொன்னார். பூனை மயிர் வயிற்றுக்குள் போனால் மருமகளுக்குக் குழந்தை தரிக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளில் பலரும் இதை நம்புவதால் விளக்கமாகவே எழுதுகிறேன். பூனை மயிருக்கும் கருத்தரிப்பதற்கும் தொடர்பில்லை. மருத்துவர்கள் எச்சரிப்பது டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியைப் பற்றி. அது பரவுவது மயிரால் அன்று. நோயுற்ற பூனையின் மலத்தாலும், அந்த மலம் கலந்த மண்ணாலும், சரியாக வேகாத இறைச்சியாலும். கர்ப்பிணிக்குப் புதிதாக அது தொற்றினால் வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடும். மலத்தில் வெளிப்படும் கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாள்வரை ஆகும் என்பதால் அன்றன்றே அப்புறப்படுத்திவிட வேண்டும். கர்ப்பிணி அல்லாத வேறொருவர் அதைச் செய்ய வேண்டும். தோட்ட மண்ணைத் தொட்டால் சோப்பால் கைகழுவ வேண்டும். இறைச்சியை நன்றாக வேகவைக்க வேண்டும். பூனையை வீட்டைவிட்டு அனுப்பத் தேவையில்லை. அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டி வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிட வேண்டும். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடக் கூடாது.

நாயைப் பற்றியும் பெரியவர் கேட்டார். இராஜபாளையம் பக்கம் அந்தக் கேள்வி வராமல் இருக்காது. 2005-இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற வெள்ளை நாயல்லவா! காவலுக்கும் வேட்டைக்கும் வயலுக்கும் மந்தைக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. பாத்திரத்தில் வாய்வைத்தால் ஷாஃபிஈ மத்ஹபினர் ஏழு முறை, அவற்றில் ஒருமுறை மண்கொண்டு, கழுவுவர்; ஹனஃபி மத்ஹபில் மூன்று முறை போதும். அதன் இடம் திண்ணைக்கு வெளியே. பேச்சு அதோடு நின்றது.

அந்த வீட்டில் நான் சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும்.

எனக்குத் திருமணமான முதல் ஆண்டில், என் மனைவி தன் தகப்பனார் வீட்டிலிருந்து ஒரு வெள்ளாட்டுக் குட்டியைக் கொண்டுவந்தாள். தன் சேமிப்பில் வாங்கியது. அகத்திக் கீரை ஒடித்துப் போட்டு அவளே வளர்த்தாள். அவள் குரல் கேட்டால் முற்றத்தின் மறுகோடியிலிருந்து ஓடிவரும். ஓராண்டு நிறைந்து ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. வீட்டில் ஆடு இருக்க வெளியே ஏன் வாங்க வேண்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். நானும் சரி என்றேன். அவளிடம் யாரும் கேட்கவில்லை. பெண்ணின் சொத்து பெண்ணுக்கே உரியது, கணவனுக்கு அதில் அவள் அனுமதியின்றி உரிமையில்லை என்று காலையில் மதரஸாவில் பாடம் சொன்னவன் நான். மாலையில் கத்தியைத் தீட்டக் கொடுத்தவனும் நானே. அவள் அழவில்லை. எங்களுக்குச் சமைத்துப் பரிமாறினாள். தான் மட்டும் வயிறு சரியில்லை என்று சொல்லி அந்த இறைச்சியைத் தொடவில்லை. அது வயிற்றுக் கோளாறு அன்று என்பது எனக்கு விளங்க ஏழெட்டு ஆண்டுகளாயிற்று. மன்னிப்புக் கேட்டேன். “அது போகட்டும்” என்றாள். இன்றுவரை எங்கள் வீட்டில் எந்தப் பிராணியும் இல்லை.

சுந்தரபாண்டியத்து மருமகள் தேநீர்க் கோப்பைகளை வைத்துவிட்டுத் திரும்பியபோது, என் மனைவி அவள் கையைப் பிடித்துத் தன்னருகே உட்காரவைத்து, “பூனைக்கு என்ன பெயர்?” என்று கேட்டாள். இத்தனை நாளில் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. பெண் அப்போதுதான் அழுதாள். இராஜபாளையத்துத் தோழிகள் நால்வர் சேர்ந்து வைத்த பெயராம். அவர்களோடு பேச நேரமே வாய்ப்பதில்லை என்றாள். பேசினால் மாமி என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். மாமி ஒன்றும் நினைக்கவில்லை. மருமகளுக்குத் தோழிகள் இருப்பதே அவருக்குத் தெரியாது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்த பிறகும், ஆடு அறுத்தால் அவர்களுடைய தோழிகளுக்கு இறைச்சி கொடுத்தனுப்புவது பெருமானாரின் வழக்கம். மனைவியின் தோழமைகளுக்கு அந்த இல்லத்தில் அவ்வளவு மதிப்பு இருந்தது. நம் வீடுகளில் நிக்காஹோடு பெண்ணின் தோழிகள் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறார்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் மட்டும் திண்ணையில் அப்படியே இருக்கிறார்கள்.

பெரியவர் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். “நம்முடைய மலையில் சாம்பல் நிற அணிலுக்காகவே 1988-இல் சரணாலயம் அமைத்தார்கள். 2021-இல் புலிக்கும் காப்பகமாக்கிவிட்டார்கள். அணிலுக்கும் புலிக்கும் மலையில் இடம் இருக்கிறது. இந்த முற்றத்தில் ஒரு பூனைக்கு இடமில்லை என்று சொன்னால் ஊர் சிரிக்கும்.” மாமி, “புலி என் கோழியைப் பிடிக்க வரவில்லையே” என்றார். ஆனால் குரலில் பழைய சூடு இல்லை.

ரமளான் முடிந்து ஷவ்வாலில் ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். பஞ்சாரம் புதிதாக முடையப்பட்டு முற்றத்தில் இருந்தது. பூனை அதன்மேல் ஏறி உறங்கிக்கொண்டிருந்தது, கீழே குஞ்சுகள். மாமி அதைத் திட்டிக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்லியே திட்டினார். ஷார்ஜாவிலிருந்து பேசும் மகன் இப்போதெல்லாம் முதலில் பூனையை விசாரிக்கிறானாம், பெற்ற தாயை இரண்டாவதாகத்தான் கேட்கிறானாம். அது பெரிய மனக்குறை.

அடுத்த வாரம் இராஜபாளையத்தில் மருமகளின் தோழி ஒருத்திக்கு நிக்காஹ். மாமியும் உடன் போகிறார். பூனைக்குச் சோறு வைப்பதும் குஞ்சுகளை அடைப்பதும் இரண்டு நாளைக்குப் பெரியவரின் பொறுப்பு. “அதற்கு ஒரு மஸ்அலா இருக்கிறதா, ஹஜ்ரத்?” என்று கேட்டார். திரும்பும்போது திருவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிவரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.