பாட்டிலே கரையும் பொறாமை

டெக்ஸாஸ் மாகாணத்துக் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரிலே வளர்ந்து புகழடைந்த பாடகி ஸெலீனாவின் 'லோஸ் தினோஸ்' குழுவில் கீபோர்டு வாசித்த ரிக்கி வேலா, அதே குழுவில் டிரம்ஸ் வாசித்தவளும் ஸெலீனாவின் தமக்கையுமான சூஸெட்டின்மீது மனத்துக்குள்ளேயே பிரியம் வளர்த்துவந்தார். 1993இல் அவளுக்கு வேறொருவருடன் விவாகம் நடந்தபோது, வாய்விட்டுச் சொல்ல வகையற்ற தம் துக்கத்தை ஒரு பாட்டாக எழுதி ஸெலீனாவிடம் கொடுத்தார். 'நோ மே கேதா மாஸ்' என்ற அந்தப் பாட்டு 1994இல் 'அமோர் புரோஇபிதோ' ஆல்பத்தில் வெளிவந்து, மறு வருஷத்துப் பில்போர்டு பட்டியலில் ஸ்பானிய மொழிப் பாடல்களுக்குள் முதலிடம் பெற்றது.

அந்தப் பாட்டு ஒலித்த மேடையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். எழுதியவர் கீபோர்டின்மேல் விரல்களை ஓட்டிக்கொண்டிருக்கிறார். எவளை நினைத்து எழுதினாரோ, அவள் பின்னே அமர்ந்து அதே பாட்டுக்குத் தாளம் தருகிறாள். இருவருக்கும் முன்னே நிற்கும் தங்கை, கைநழுவிப் போனவருடைய சுகத்தையே வேண்டிக்கொள்ளும் பாவத்தில் உருகிப் பாடுகிறாள். ஊர் ஊராக இந்தப் பரீட்சைக்குத் தம்மை உட்படுத்திக்கொண்ட மனிதரின் பொறுமையை எண்ணினால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எல்லாக் காதலரும் இப்படி வாழ்த்திவிட்டு ஒதுங்குவதில்லை. அதே ஆல்பத்தின் 'ஸி உனா வெஸ்' என்ற பாட்டு, காதலித்ததற்காகவே மனம் நொந்து கோபிக்கிறது. அதற்கும் அறுபது வருஷங்களுக்கு முன், 1934இல், சூயிங்கம் சுற்றிய காகிதத்தில் அச்சாகியிருந்த வரிகளைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்துவைத்திருந்த லிடியா மென்டோஸா, பன்னிரண்டு தந்திக் கிதாரைத் தாமே மீட்டி, வஞ்சித்தவனைச் சாடும் 'மால் ஓம்ப்ரே'யைச் சான் அன்டோனியோ நகரில் பதிவு செய்தார். இன்று கலிபோர்னியாவின் ரிவர்ஸைடில் வளர்ந்த இவான் கோர்னேஹோ முதலிய இளைஞர் பாடும் சோகமயமான 'ஸியெரேன்யோ' சங்கீதத்திலும் பன்னிரண்டு தந்திக் கிதாரே பிரதான வாத்தியமாக விளங்குகிறது. வாஷிங்டன் மாகாணத்து யாக்கிமா பள்ளத்தாக்கைச் சேர்ந்த யாரிட்ஸா, அண்ணன்மார் இருவர் உடன் வாசிக்கப் பாடிய 'ஸோய் எல் ஊனிகோ' 2022இல் வெளியானபோது அவளுக்கு வயது 15.

பதினைந்து பிராயத்தில் என்ன விரகம், என்ன வேதனை என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். அந்தக் கேள்வி எனக்குச் சம்மதமில்லை. பிரியத்தின் வலி வயது பார்த்து வருவதன்று. அதைச் சொல்லும் முறையை இளமையிலேயே கற்றவர்கள் பாக்கியசாலிகள். வெளியே சொல்லப்படாத பொறாமை, சந்தேகமாகவும் வன்மமாகவும் திரிந்து, நேசித்த ஜீவனையே வதைக்கத் துணிகிறது. மெக்ஸிக வம்சாவளி அமெரிக்கரின் இந்தச் சங்கீதமோ அதை உடன்பிறந்தார் நடுவிலும் ஊரார் முன்னிலையிலும் உரக்கச் சொல்ல இடம் தருகிறது. 'ராஞ்சேரா' என்னும் மெக்ஸிக நாட்டுப்புறப் பாட்டின் நடுவே, கேட்பவர்கள் அழுகையும் ஆனந்தமும் கலந்த குரலில் 'கிரிதோ' என்னும் நீண்ட கூவலை எழுப்பிப் பாடுபவரின் துக்கத்தில் பங்கு கொள்கிறார்கள்.

நேசித்தவர் தம்மை நேசிக்கவில்லை என்பதற்காக ஒருவரைத் தண்டிக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. ஆயினும் அழுவதற்கும், அந்த அழுகையைச் சுருதி சேர்த்துப் பாடுவதற்கும் எல்லோருக்கும் உரிமை உண்டு. தன் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் சேர்த்தே கற்பிக்கும் சமூகத்தின் சங்கீதத்தை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட என் மனம் ஒருபோதும் இசையாது.